இரு பெட்டிகளும் முப்பத்தொரு வயல்களும்

மருதோடைக் குளத்தில் அவ்வாண்டு பங்குனி முடிவில் பதினொரு அடித் தண்ணீர் மாத்திரமே நின்றது. கோடைச் சாகுபடியாகிய சிறுபோகத்திற்கு எல்லா வயல்களுக்கும் அது போதாது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எவருடைய வயலை விடுவது என்பதிலேதான் பிணக்கு எழுந்தது. வாய்க்காலின் நடு மதகாகிய நடுத்துருசுக்கு அப்பால் உள்ள முப்பத்தொரு வயல்களும் மேட்டுநிலம், தண்ணீர் அங்கே ஏறாது என்று குளத்தை அடுத்த தலைப் பகுதியார் கூறினர். அவ்வயல்களுக்குரிய கடைப் பகுதியார் அதனை மறுத்தனர். நீர்ப்பாசன அலுவலர் இரு பகுதியாரையும் பொறுமையாகக் கேட்டார்.

"குளத்திலையிருந்து கடைசி வயல் மட்டும் ஒரே அளவா எனக்கு ஒரு உயரப் படம் காட்டுங்கோ. நடுத்துருசின்ர அடிமட்டத்தைவிடப் பதிஞ்ச, தண்ணி தானா இறங்கிற வயலை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில சேர்ப்பன். படம் இல்லையெண்டால் கடைப் பகுதி முழுக்க இந்தமுறை இல்லை."

இவ்வாறு கூறிவிட்டு அவர் போய்விட்டார். நில அளவையாளரை அழைப்பதற்கு நாள் போதாது.

கமக்காரர் அமைப்பின் செயலாளராகிய ஜெகதீஸ்வரியின் வயல், அம்முப்பத்தொன்றில் இருபத்தொன்பதாவது. இரண்டு ஏக்கர். மாரிச் சாகுபடியாகிய காலபோகத்து நெல் மார்கழி வெள்ளத்தோடு போனமையால், இச்சிறுபோகம் ஒன்றே அவருக்கு அவ்வாண்டில் எஞ்சியிருந்த விளைச்சல். ஆகவே அவர் அன்று மாலையே புதுக்குடியிருப்புக்குச் சென்று றம்சீனைக் கண்டார். றம்சீன் கலியாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்து, குளக்கட்டிலிருந்து கடைசி வரம்பு வரைக்கும் ஆயிரத்து இருநூற்று நாற்பது படங்களை எடுத்து முடித்தான்.

"மாப்பிளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை. பறந்து பறந்து எருமையைத்தான் எடுத்திருக்கிறன், அக்கா," என்றான்.

அப்படங்களை ஒன்றாகப் பொருத்தி, எவ்விடம் எவ்வளவு உயரம் என்று கணித்துத் தருவதற்கு இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. அதனை எந்தக் கணினியில் இயக்குவது என்பதே அடுத்த கேள்வி. இரண்டு இருந்தன. ஒன்று றம்சீனின் மடிக்கணினி. அதனை வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மற்றது, கனடாவில் இருக்கும் சுகிர்தன் என்பவர் தாம் வேலை செய்யும் கந்தோரில் கழித்துவிட்டதைக் கப்பலில் ஏற்றி, கமக்காரர் அமைப்புக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்த சேவையகக் கணினி. பத்து ஆண்டுகள் பழையது. இரண்டு ஆட்கள் தூக்க வேண்டிய பாரம். முடுக்கினால் அரிசி ஆலையைப் போல இரையும். அதனை எல்லோரும் 'சேர்வர்' என்றே அழைத்தனர்.

அமைப்பின் தலைவர் வீரையா தலைப் பகுதிக் கமக்காரர். சேர்வரை வாங்கிக் கட்டடத்தில் ஏற்றியவரும் அவரே.

"உந்தத் தட்டையும் ஒரு கணினியே?" என்று அவர் மடிக்கணினியைச் சுட்டினார். "எங்கட பெட்டிக்குள்ள ரெண்டு பிரசெசர். ஒவ்வொண்டுக்குள்ளயும் பன்னிரண்டு கோர். இருபத்து நாலு பேர் ஒண்டா இறங்கி வேலை செய்யிறது மாதிரி எண்டு சுகிர்தன் சொன்னவன். உன்ரயில எத்தினை பேர்?"

"பத்துப் பேர், ஐயா. நாலு பெரிசு, ஆறு சின்னன்."

"நாலு ஆளும் ஆறு பொடியளுமோ? உதை வைச்சு வெங்காயம் கிண்டலாம்."

றம்சீன் சிரித்தான். "ஐயா, உங்கட இருபத்து நாலு பேருக்கும் வயசு போட்டுது. என்ர பொடியள் ஓடித் திரிவாங்கள்."

ஜெகதீஸ்வரிக்கு இவ்விரு பேச்சுகளும் நியாயமாகவே தோன்றின. அதுவே அவரைக் கலக்கியது. பிரசெசர் எனப்படும் முறைவழியாக்கியே கணினியின் கணக்கு வேலை அனைத்தையும் செய்வது என்பதனை அவர் அறிவார். ஆனால் ஒன்றில் ஆட்கள் அதிகம், மற்றதில் வேகம் அதிகம் என்றால் எதனைக் கொள்வது? அவர் கொப்பியை விரித்து நடுவே ஒரு கோடு கீறி, "திங்கட்கிழமை சோதனை வைப்பம்," என்றார்.

திங்கட்கிழமை காலை, ஒரே அறுபது படங்களை இரண்டிலும் ஏற்றினர். மடிக்கணினி பத்தொன்பது நிமிடங்களில் முடித்தது. சேர்வர் முப்பத்தொரு நிமிடங்கள் எடுத்தது. வீரையா தலையைக் குனிந்து அதன் திரையை உற்று நோக்கினார். அங்கே இருபத்து நான்கு சிறு கட்டங்கள் இருந்தன. பெரும்பாலான நேரம் அவற்றுள் ஒன்றே மேலே எழும்பி நிற்க, ஏனையவை படுத்துக் கிடந்தன.

"இதென்னடா, ஒருத்தன் வெட்ட இருபத்து மூண்டு பேர் வரம்பில குந்தியிருக்கிறாங்கள்?"

"சில வேலையைப் பிரிச்சுக் குடுக்கேலாது, ஐயா. ஒருத்தர்தான் செய்யோணும். அந்த ஒருத்தர் கெட்டிக்காரனா இருந்தால்தான் கெதியா முடியும். என்ரயில அந்த ஒருத்தன் கெட்டிக்காரன்."

"எங்கட சிரமதானம் மாதிரியேதான் கிடக்கு," என்று வீரையா முணுமுணுத்தார்.

இரண்டாவது சோதனைக்கு இருநூறு படங்கள். வேலை நடந்துகொண்டிருக்கையில் எவரோ தேநீருக்கென்று கேத்திலைச் சொருகியமையால், கட்டடத்தின் மின்சாரம் முழுவதும் விழுந்தது. மடிக்கணினி தன் பற்றரியில் ஓடிக்கொண்டேயிருந்தது. சேர்வர் அணைந்தது. "இப்ப சொல்லுங்கோ, ஐயா!" என்று றம்சீன் கைகொட்டினான். கேத்திலைக் கழற்றி மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டனர். இம்முறை சேர்வர் ஒரு மணி ஐம்பது நிமிடங்களில் முடித்தது. மடிக்கணினி இரண்டு மணித்தியாலங்களுக்கு இரண்டு நிமிடங்கள் குறைவாக எடுத்தது. தகரக் கூரையின் வெக்கையில் அதன் அடிப்புறம் கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.

"சூடேறினால் அது தானாகவே வேகத்தைக் குறைச்சுப்போடும், அக்கா. எரிஞ்சு போகாமல் இருக்க," என்று றம்சீன் சற்றே குரல் தணிந்து சொன்னான்.

"ஆங், பொடியள் களைச்சுப் போட்டாங்கள்!" என்றார் வீரையா.

ஜெகதீஸ்வரி கொப்பியில் இரண்டையும் எழுதினார். முதல் வரியில் மடிக்கணினி வென்றிருந்தது. இரண்டாவது வரியில் சேர்வர் வென்றிருந்தது. மூன்றாவது வரியில் என்ன வரும் என்று ஊகிக்க அவரால் முடியவில்லை. சுகிர்தனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"லப்டொப்போட வைச்சுப் பாக்கிறீங்களோ?" என்று அங்கே அவர் மனம் நொந்தார். "அக்கா, அது ஒரு கொம்பனியையே ஓட்டின பெட்டி. வருசக்கணக்கா நிப்பாட்டாமல் ஓடினது."

"வேகம் எது கூட, தம்பி?"

"அது... வேலையைப் பொறுத்தது, அக்கா."

எல்லோரும் இதனையே சொன்னார்கள். எந்த வேலையைப் பொறுத்து எது என்று மாத்திரம் எவரும் சொல்லவில்லை.

அவ்வேளையில் ஜெகதீஸ்வரிக்கு ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர் வாய்க்கால் துப்புரவு செய்கையில், அவ்வூரார் முடிச்சுக் கயிற்றால் வாய்க்காலை அளந்து, குடும்பத்திற்கு ஒரு துண்டாகப் பிரிப்பர். எவர் காலையில் வருகிறார், எவர் மாலையில் வருகிறார், எவர் மண்வெட்டி கூரியது என்று எவரும் பார்ப்பதில்லை. அவரவர் துண்டை அவரவர் வெட்டி முடித்தால், முடிவில் அது ஒரே வாய்க்கால். கணினிகளுக்கும் அவ்வாறே பங்கு பிரித்தால் என்ன? குளத்திலிருந்து நடுத்துருசு வரையிலான அறுநூற்று இருபது படங்கள் சேர்வருக்கு. நடுத்துருசிலிருந்து கடைசி வயல் வரையிலான அறுநூற்று இருபது படங்கள் மடிக்கணினிக்கு. எது சிறந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. மூவருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. வீரையாகூட, "நீதியான பங்கு," என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் சேர்வர் கட்டடத்தில் இரைந்தது. றம்சீன் மடிக்கணினியைத் தன் கடையின் குளிரூட்டிய அறைக்குக் கொண்டு சென்றான். மாலைக்குள் இரண்டும் முடிந்தன. புதன்கிழமை காலை இரு பாதிகளையும் ஒரே படமாக அருகருகே வைத்தான். பதிந்த இடம் நீலமாகவும் உயர்ந்த இடம் செம்மஞ்சளாகவும் தெரியும்படி நிறம் தீட்டப்பட்டிருந்தது.

நடுத்துருசில் ஒரு படி இருந்தது. கத்தியால் வெட்டியதைப் போன்ற நேரான படி. தலைப் பகுதி நீலத்தில் முடிய, கடைப் பகுதி இரண்டு அடி உயரத்தில் செம்மஞ்சளாகத் தொடங்கியது. முப்பத்தொரு வயல்களும் துருசுக்கு மேலே நின்றன.

வீரையா மெதுவாக, "நான் சொல்லேல்லையே, தங்கச்சி? மேடு," என்றார். அவர் குரலில் வெற்றி இருந்ததாகத் தோன்றவில்லை. அவருக்கே சற்று வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

"அந்த இடத்தில அப்பிடி ஒரு படி இல்லை, அண்ணை. நீங்களும் நானும் அதால சைக்கிள் ஓடுறம்."

"அப்ப பெட்டி பொய் சொல்லுதோ?"

"ஒண்டு சொல்லுது."

"எது?"

பழைய முறைவழியாக்கி தேய்ந்து, குறைத்துக் கணக்கிட்டதா? புதியது அவசரத்தில் கூட்டிக் கணக்கிட்டதா? றம்சீன் தன்னுடையது பிழை விடாது என்றான். வீரையா ஒரு கொம்பனியை ஓட்டிய பெட்டி பிழை விடாது என்றார். முடிவில், துருசடியில் எடுத்த நாற்பது படங்களை இரண்டிலும் தனித்தனியே ஏற்றிப் பார்ப்பது என்று இணங்கினர். ஒரு மணித்தியாலத்திற்குள் இரண்டு மறுமொழிகளும் வந்தன. துருசின் அடிமட்டத்திற்கும் பக்கத்து வரம்புக்கும் உள்ள இடைவெளி, இரண்டிலும் ஒரே எண். ஒரு விரற்கடை வேறுபாடுகூட இல்லை.

"ரெண்டும் உண்மை சொல்லுது," என்றான் றம்சீன். "ஆனால் சேர்த்தால் பொய்."

"என்னடா விசர்க் கதை?" என்றார் வீரையா.

ஜெகதீஸ்வரி வெளியே சென்று, பைப்பில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். துப்புரவின்போது தாம் எவ்வாறு வெட்டுவது வழக்கம் என்று நினைத்துப் பார்த்தார். முதலில் எட்டிப் பார்ப்பது பக்கத்துத் துண்டை. அங்கே வெட்டியவர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறாரோ, அவ்வளவு ஆழத்திலிருந்தே தம்முடைய துண்டைத் தொடங்குவார். அவர் வராதிருந்தால், அவர் வரும் வரைக்கும் அவ்வெல்லையில் ஒரு முழத்தை வெட்டாமல் விடுவார். கயிற்றால் அளந்ததை மாத்திரமே நினைவில் வைத்து, இதனை மறந்துபோனோமே என்று எண்ணியபடி உள்ளே வந்தார்.

"நாங்கள் பக்கத்து ஆளின்ர அடிமட்டத்தைப் பாத்துத்தான் வெட்டுறனாங்கள். இந்த ரெண்டு பெட்டியும் ஒண்டையொண்டு பாக்கேல்ல. அது தன்ர பாட்டுக்கு ஒரு அடிமட்டமும் சரிவும் எடுத்திருக்கு, இது தன்ர பாட்டுக்கு ஒண்டு. பிரிச்சதுதான் பிழை. துண்டுப் படத்தை நம்பேலாது. முழுப் படத்தையும் ஒரு பெட்டியிலதான் போடோணும்."

றம்சீன் தலையில் கைவைத்தான். "ஓம் அக்கா. ஓம். எனக்கு விளங்கியிருக்கோணும்."

"எந்தப் பெட்டியில?" என்று வீரையா கேட்டார். ஆக, அவர்கள் திங்கட்கிழமை நின்ற இடத்திற்கே திரும்பி வந்திருந்தனர்.

நாள் குறைவாக இருந்தமையால், இரண்டிலுமே முழுவதையும் ஏற்றினர். புதன்கிழமை நண்பகல் ஒரு மணிக்குத் தொடங்கியது. மூன்றரை மணிக்கு மடிக்கணினி சேர்வரைவிட வெகுதூரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு அது நின்றுவிட்டது. நினைவகம் போதாது என்று ஒரு வரி எழுதிக் காட்டியது. றம்சீன் நின்ற கட்டத்திலிருந்தே மீண்டும் தொடங்கினான், சில நிமிடங்களில் அதே இடத்தில் நின்றது.

"ஓடத் தெரியும். இவ்வளவு படத்தையும் ஒண்டா விரிச்சு வைக்க இதுக்கு இடமில்லை," என்று அவன் ஒத்துக்கொண்டான். "சேர்வரில இதைப்போல எட்டு மடங்கு இருக்கு."

வீரையா நகைக்கவில்லை. ஏனெனில் சேர்வரின் திரையில் நூற்றுக்கு எட்டு வீதம் முடிந்தது என்று இருந்தது. மாலை ஐந்தரைக்கும் எட்டு வீதமே. ஆறு மணிக்குக் கட்டடத்தின் பிரதான சுவிச்சை அணைத்துப் பூட்டுவது அமைப்பின் விதி. பூட்டுக்குரிய திறப்பு வீரையாவின் இடுப்பில் தொங்கியது.

"அண்ணை, இதை நிப்பாட்டினால் கடைப் பகுதி போச்சு," என்றார் ஜெகதீஸ்வரி.

"தெரியும்."

"நீங்கள் எதிர்ப் பக்கம்."

"எதிர்ப் பக்கம்தான், பிள்ளை. கள்ளன் இல்லையே?" என்று அவர் சற்றுச் சினந்தார். "விதியை எழுதினது நான்தான். ரெண்டு நாளைக்கு நானே தள்ளி வைக்கிறன். ஆனால் கேத்தில் போடுறவனை உதைப்பன்."

வியாழக்கிழமை காலை பதினொரு வீதம். நண்பகலில் திடீரென்று அறுபத்து நான்கு. பின்னேரம் ஆறு மணிக்கும் அறுபத்து நான்கு. அது முன்னேறுகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்று எவருக்கும் தெரியவில்லை. காற்றாடிகள் மாத்திரம் இரைந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்குப் படம் முடிந்தது.

நடுத்துருசில் படி இல்லை. நீலம் சீராகச் சரிந்து கடைப் பகுதிக்குள் இறங்கியது. றம்சீன் வயல் வயலாக எண்களைப் படிக்க, ஜெகதீஸ்வரி எழுதினார். இருபத்தாறு வயல்கள் துருசைவிடப் பதிந்திருந்தன. ஐந்து உயர்ந்திருந்தன. இருபத்தொன்பதாவது வந்தபோது அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

"வாசி, தம்பி."

"ஒரு சாண் மேல, அக்கா."

பின்னர் அவன் மடிக்கணினியைத் திறந்து, செவ்வாய்க்கிழமைத் துண்டுப் படத்தை எடுத்தான். அதில் கடைப் பகுதியும், அதன் விளிம்பில் துருசும் தெரிந்தன. அதனை மாத்திரம் தனியாகப் பார்த்தால் முப்பத்தொரு வயல்களும் துருசைவிடப் பதிந்தே இருந்தன. இருபத்தொன்பதாவது, இரண்டு அங்குலம் கீழே.

"இதைக் குடுப்பம். இதுவும் பொய் இல்லையே? புதுப் பெட்டி போட்டது. ஆர் கேக்கப் போகினம்?"

ஜெகதீஸ்வரி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே நிலம், ஒரே படங்கள். ஒன்று அவரைச் சேர்த்தது, மற்றது விலக்கியது. வயலில் இறங்கி நின்றால் எது மெய் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் உயரம் இரண்டு ஏக்கரில் எங்கே தெரியும்? துண்டுப் படத்தை நம்ப இயலாது என்று வீரையாவின் முன்னே சொன்னவர் தாமே என்பது மாத்திரம் ஐயமின்றித் தெரிந்தது. அன்று அத்துண்டு தமக்கு எதிராக நின்றமையால் சொன்னார். இன்று அது தம் பக்கம் நிற்கிறது.

"முழுப் படத்தை பிறிண்ட் எடு," என்றார்.

கூட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. கடைப் பகுதியின் இருபத்தாறு வயல்கள் சேர்க்கப்பட்டன. விடுபட்ட ஐந்து இலக்கங்களை அலுவலர் உரக்க வாசித்தார். வீரையா திரும்பி, "இருபத்தொன்பது உன்ரயெல்லோ?" என்று காதோடு கேட்டார். ஜெகதீஸ்வரி தலையசைத்தார். "படம் பிழையெண்டு சொல்லன்!" "அது பிழையெண்டு எனக்குத் தெரியேல்லையே, அண்ணை." செயலாளர் என்ற வகையில் அவர் பட்டியலில் ஒப்பமிட்டார்.

வெளியே றம்சீன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். "ஒரு சாண் மண்ணை வெட்டி எடுத்தால் என்ன?" என்று ஜெகதீஸ்வரி கேட்டார். அவன் தொலைபேசியில் பெருக்கிப் பார்த்து, "அறுநூறு ட்றக்டர் லோட்டுக்கு மேல, அக்கா," என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்தது, அது நிலைக்கவில்லை.

"அந்தச் சாண் முழு வயலுக்குமோ? மூலைக்கு மூலை ஒரே அளவோ?"

றம்சீன் பையிலிருந்து மடிக்கணினியை மீண்டும் எடுத்தான். சேர்வர் செய்த முழுப் படத்தை அதற்கு மாற்றி வைத்திருந்தான். இருபத்தொன்பதாவது வயலை அவன் பெருப்பித்தபோது, ஒரு சாண் என்பது வயலின் சராசரி என்று தெரிந்தது. வாய்க்காலோடு ஒட்டிய தென்மூலையில் ஏறத்தாழ கால் ஏக்கர் நீலமாக இருந்தது. துண்டுப் படத்தையும் அருகில் விரித்தான். அங்கும் அம்மூலை நீலமாகவே இருந்தது.

அலுவலரின் மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் ஏறுவது தெரிந்தது. ஜெகதீஸ்வரி மறுபேச்சின்றி றம்சீனின் மோட்டார் சைக்கிளில் பின்னே ஏறிக்கொண்டார். மடிக்கணினி திறந்தபடியே அவர் மடியில் இருந்தது. துருசடியில் அவரை மறித்தனர். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாமையால், அலுவலர் தம் தலைக்கவசத்தைக் கழற்றி அதற்கு நிழல் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இந்த மூலை துருசைவிடப் பதிவு. உறுதியோ, அம்மா? திரும்பவும் மாத்தேலாது."

"மற்ற எதுவும் எனக்கு உறுதியாத் தெரியேல்ல, சேர். என்ர வயலில ரெண்டு பெட்டியும் ஒத்துக்கொண்டது இந்த மூலை ஒண்டுக்குத்தான்."

அலுவலர் பட்டியலை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விரித்தார். இருபத்தொன்பதாவது இலக்கத்திற்கு எதிரே 'கால் ஏக்கர்' என்று எழுதி, ஒப்பமிடும்படி பேனையை நீட்டினார்.